பரணிக்குள்ளே கம்பம் பள்ளத்தாக்கு

டிசம்பர் பிறந்தாச்சு. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்காரச் சேச்சி பரணியை (நம்ம ஊறுகாய் ஜாடிதான்) கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டார். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட்... 21 நாள் ஊறினால் கிறிஸ்துமஸ் ஒயின்.

"திராட்சை எங்கேயிருந்து சேச்சி?"

"உங்க கம்பம்தானே சாரே!"

அட, நம்ம ஊர்!

இந்தக் கரைக்கு ஒயின் புதிதல்ல. கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறியில் வந்திறங்கிய சரக்குகளில், கொஞ்சம்தான் என்றாலும், ஒயினும் உண்டு என்று கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் சொல்கிறது. 2007ல் தொடங்கிய பட்டணம் அகழாய்வில் ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. புறநானூறு 56ஆம் பாட்டிலும் யவனர் தந்த தேறல் வருகிறது. எல்லாம் கப்பலில் வந்த சரக்கு.

இங்கேயே கொடி வைத்தால் என்ன? கொச்சியில் வருடத்துக்கு 3000 மி.மீ. ஒட்டி மழை. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகிவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் கம்பம், மழை மறைவுப் பிரதேசம். வெயில் உண்டு, தண்ணீர்தான் போதாது. 1886ல் திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 வருடக் குத்தகை போட்டன. 1895ல் பென்னிகுவிக் கட்டிய அணை திறந்தது. மேற்கே ஓடி கொச்சிப் பக்கம் கடலில் சேரும் பெரியாற்றில் ஒரு பங்கு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது.

அந்தத் தண்ணீரில் விளைவதுதான் பன்னீர் திராட்சை. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பந்தலில் படரவிட்டு, கவாத்து செய்தால் சுமார் நாலு மாதத்தில் அறுவடை. ஐரோப்பாவில் வருடத்துக்கு ஒரு மகசூல்தான். கம்பத்திலோ தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்பின்னாக நடப்பதால், அநேகமாக வருடம் முழுக்கப் பழம். 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முல்லைப் பெரியாறு என்றாலே எங்கள் கிளையில் இரண்டு கட்சி. அவர்கள் அணைக்குக் கீழே இருக்கும் உயிர்களைச் சொல்வார்கள். நான் தேனி, மதுரை வயல்களைச் சொல்வேன். இரண்டு பயமும் நிஜம். பாங்க்காரன் புத்திக்கு ஒரு கணக்குதான் புரிகிறது: கேரளத்து மழை கிழக்கே பற்று, கம்பத்துத் திராட்சை மேற்கே வரவு. கொச்சிக்கு வராமல் திரும்பிய தண்ணீர், லாரி ஏறி சேச்சியின் பரணிக்கே வந்து சேர்கிறது.

ஒரு குப்பி தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டம்மா ஒப்புதல்தான் பாக்கி :-)