மின் நிலையக் குழாய் நெறிமுறைகளின் வரலாறு

அனல் மற்றும் அணுமின் நிலையங்களில் உயர் அழுத்த நீரையும் நீராவியையும் கொண்டுசெல்லும் குழாய்களின் தடிமன், பொருள், பற்றவைப்பு, சோதனை ஆகியவற்றுக்கான விதித் தொகுப்பே குழாய் வடிவமைப்பு நெறிமுறை ஆகும்.

தோற்றம்

1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் உள்ள பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். 1907 இல் அம்மாநிலம் கொதிகலன் விதிகளை இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் முதல் கொதிகலன் நெறிமுறையை 1915 இல் வெளியிட்டது. குழாய்களுக்கான பி31 திட்டம் 1926 இல் தொடங்கி, 1935 இல் முதல் பதிப்பைக் கண்டது. இன்று மின் நிலையக் குழாய்களுக்குரிய பகுதி பி31.1 எனப்படுகிறது.

தடிமன் கணக்கீடு

உள்ளழுத்தம், வெளிவிட்டம், அந்த வெப்பநிலையில் உலோகம் தாங்கக்கூடிய தகைவு ஆகியவற்றைக் கொண்டு தேவையான குறைந்தபட்சத் தடிமன் கணக்கிடப்படுகிறது. அரிமானத்தால் இழக்கப்படும் அளவு அதனுடன் கூட்டப்படுகிறது. இந்தக் கூடுதல் அளவு ஒரு மதிப்பீடு மட்டுமே. குழாய் உண்மையில் எவ்வளவு தேய்ந்தது என்பதை அளந்துதான் அறிய முடியும்.

சர்ரி விபத்து

1986 டிசம்பர் 9 அன்று வர்சீனியாவின் சர்ரி அணுமின் நிலைய இரண்டாம் அலகில் 18 அங்குல விட்டமுள்ள ஊட்டுநீர்க் குழாயின் வளைவு உடைந்தது. வெந்நீரும் நீராவியும் தாக்கிய எட்டுப் பேரில் நால்வர் இறந்தனர். கார்பன் எஃகின் உட்புறத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தை, சுழித்தோடும் வெந்நீர் தொடர்ந்து கரைத்ததே காரணம். நீர் மட்டுமே ஓடும் குழாய்களில் இத்தேய்மானம் அதுவரை பெரிதாகக் கருதப்படவில்லை. 1989 இல் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம், நிலையங்கள் நீண்டகாலக் கண்காணிப்புத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்று கோரியது.

மிகாமா விபத்து

2004 ஆகத்து 9 அன்று சப்பானின் மிகாமா நிலைய மூன்றாம் அலகில் இதே வகை விபத்து நிகழ்ந்தது. நீரோட்டத்தை அளக்கும் துளைத் தகட்டுக்கு அடுத்த பகுதியில் குழாய் வெடித்தது. தொடக்கத்தில் 10 மில்லிமீட்டராக இருந்த சுவர், மிக மெலிந்த இடத்தில் 0.4 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. இருக்கவேண்டிய குறைந்தபட்சத் தடிமன் 4.7 மில்லிமீட்டர். 1976 முதல் இயங்கிய அலகில் அந்த இடம் ஒருமுறைகூட அளக்கப்படவில்லை. ஆய்வுப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. விடுபட்டது 2003 இல் தெரியவந்தும், ஆகத்து 14 இல் தொடங்கவிருந்த பராமரிப்பு நிறுத்தம் வரை ஆய்வு தள்ளிவைக்கப்பட்டது. அந்த நிறுத்தத்துக்கான முன்னேற்பாடுகளுக்காகச் சுழலிக் கட்டடத்தில் இருந்த பணியாளர்களில் ஐவர் இறந்தனர், அறுவர் காயமடைந்தனர். உடைந்தது இரண்டாம் சுற்றுக் குழாய் என்பதால் கதிரியக்கம் வெளியேறவில்லை.

விளைவுகள்

இதன்பின் சப்பானிய இயந்திரப் பொறியாளர் சங்கம் குழாய்ச் சுவர் மெலிவைக் கண்காணிக்கத் தனி விதிகளை வெளியிட்டது. பி31.1 இல் இயக்கம், பராமரிப்பு பற்றிய அத்தியாயம் பின்னர் சேர்க்கப்பட்டது. தேய்மானம் மிகுந்த இடங்களில் குரோமியம் கலந்த எஃகு பயன்படுத்தப்படுகிறது. நிலையம் கட்டி முடிந்ததும் கோப்பில் வைக்கப்படும் ஆவணமாக இருந்த நெறிமுறை, நிலையம் இயங்கும் காலம் முழுவதும் பின்பற்ற வேண்டியதாக மாறியது.