திருமலையில் இடம்மாறிய கற்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம். அங்கே மூன்று பாய்மரங்களோடு நிற்கும் பழைய போர்க்கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி'. நாம் திருமலை என்று சுருக்கிச் சொல்லும் திருகோணமலைதான் ஆங்கிலேயர் நாவில் அப்படி ஆயிற்று. 1817இல் பம்பாயில், வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல் அது. கப்பல் கட்டும் தொழில் படுத்துப்போயிருந்த ஹார்ட்டில்பூலுக்கு 1987இல் அதைக் கொண்டுவந்து பல வருடம் செப்பனிட்டார்கள். நகரத்தாருக்கு அதுவும் போதவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் துறைமுகத் தெரு ஒன்றைப் பழைய சாயலில் புதிதாகவே கட்டி 1990களில் திறந்தார்கள்.

கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊரில் அப்படிக் கட்டிக்காட்ட வேண்டியதில்லை. கோட்டை வாசலில் நின்று பார்த்தாலே போதும். மலைமேல் கோவிலில் கோணேசரைக் கும்பிடப் போகும் எல்லோரும் பிரெட்ரிக் கோட்டையின் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். அதன் நிலைக்கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் வரிகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற மன்னன் எடுத்த கோவிலைப் பறங்கியர் குலைப்பார்கள் என்று முன்னரே சொன்ன பாட்டு அது என்பது ஊரார் நம்பிக்கை. சொன்னபடியே நடந்தும் விட்டது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சாவின் காலத்தில் கோவில் இடிபட்டது. அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. மிச்சம் கடலுக்குள் போயிற்று.

1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1782இல் ஒரே வருடத்துக்குள் கோட்டை இரண்டு முறை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் தளபதி சுஃப்ரெனின் பிரெஞ்சுப் படை. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள். 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் முன்னவரின் சுவர்மேலேயே கட்டினார்கள். கோவில் நின்ற சுவாமி மலையில் பிரான்சினா வான் ரேடே என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டிய தூண் ஒன்று உண்டு. காதலன் கைவிட்டதால் கடலில் குதித்தவள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அந்தக் கதையைவிடத் தூணே கவனிக்கத்தக்கது. அதுவும் இடிபட்ட கோவிலின் தூண்.

கற்கள் திரும்பி வந்த காலமும் இருந்தது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் நீர்மூழ்காளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். லிங்கம் ஒன்றை வில்சன் மேலே கொண்டுவந்தார். 1963 மார்ச் 3ஆம் திகதி புதுக்கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த உச்சியில் மறுபடி மணி ஒலித்தது. திருமலை மக்கள் தாங்களே விரும்பித் தங்களுக்காகவே செய்த மிகப் பெரிய மறுகட்டுமானம் அதுதான்.

மற்றவை பெரும்பாலும் துறைமுகத்தை ஆண்டவர்களின் தேவைக்காக நடந்தவை. பெரிய கப்பலும் நிம்மதியாக உள்ளே வந்து நிற்கக்கூடிய ஆழமே இந்த ஊரின் செல்வம். ஊருக்கும் கடலுக்கும் நடுவே வேலி விழக் காரணமும் அதுவே. டொக்யார்ட் என்ற கடற்படைத் தளம் வளர்ந்தது. சீனன்குடாக் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் வரிசையாக எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனபோது டொக்யார்ட் வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் தடுமாறிப்போயின. குதங்கள் 99 மட்டும் இன்றும் பேரம் பேசப்படும் பொருளாக நிற்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 61 கூட்டு நிறுவனத்துக்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் எனப் பிரிக்கப்பட்டன.

கோட்டைக்குச் சட்டக் காவல் உண்டு. குதங்களுக்கு உடன்படிக்கை உண்டு. ஊர் வீடுகளுக்கு?

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எது புராதனச் சின்னம் என்று தீர்மானிக்க ஒரு நாளைக் குறித்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. கண்டிக்கு அந்த நாள் ஒரு யுகத்தின் முடிவு. திருமலையிலோ ஆங்கிலேயர் அதற்குள் இருபது வருடம் குடியிருந்துவிட்டார்கள். இந்த ஊரில் அன்று எதுவும் முடியவுமில்லை, தொடங்கவுமில்லை. ஆனாலும் அந்த நாளே இங்கேயும் அளவுகோல். அதற்கு முந்தியவை தாமாகவே காவலுக்குள் வருகின்றன. டொக்யார்ட் வீதியில் ஒல்லாந்தர் கால மாளிகை ஒன்று நெதர்லாந்தின் உதவியோடு சீரமைக்கப்பட்டு, கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாக இன்று அழகாக நிற்கிறது. மனம் நிறையும் வேலை அது.

1815க்குப் பிந்தியவற்றின் நிலை வேறு. நூறு வருடமாவது கடந்த கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. நகரின் பழைய மயானத்தில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, 1852இல் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் கிடக்கிறார். திருமலையிலிருந்தபடியே வியாழன் கோளை ஆராய்ந்த பொறியியலாளர் மோல்ஸ்வொர்த்தும், 1908இல் இறந்தபின், இந்த ஊர் மண்ணிலேயே அடக்கமானார். இருவரையும் தேடி வர வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நீண்ட விறாந்தையும் உருண்டைத் தூண்களும் ஓட்டுக்கூரையுமாகக் கடைத்தெருக்களின் பின்னே மிஞ்சியிருக்கும் வியாபாரிகளின் வீடுகளை, டொக்யார்ட் எழுதுவினைஞர்களின் வீடுகளை யார் தேடி வருவார்கள்? உள்நாட்டுப் போரில் சில எரிந்தன. சில, உரிமையாளர் கடல் கடந்து போனதால் பூட்டியபடியே உளுத்தன. இப்போது உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டவும் கடைத்தொகுதி எழுப்பவும் ஓடு இறக்கப்படுகிறது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒழுகும் கூரையைப் பழைய முறையில் வேய ஆளும் இல்லை, அதற்கு உதவிப் பணமும் இல்லை.

வர்த்தமானியில் ஏற வேண்டுமானால் முதலில் ஒரு பட்டியல் வேண்டும். அதற்கு அமைச்சு தேவையில்லை. அளவுநாடா, கமெரா, வீட்டின் கதை தெரிந்த முதியவர் ஒருவர் போதும். ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளை வைத்தே உட்துறைமுக வீதியிலிருந்து தொடங்கலாம்: எந்த வீடு, யார் கட்டியது, எந்த வருடம், கதவு மரம் எங்கிருந்து வந்தது, நடுமுற்றத்தில் இன்னும் கிணறு இருக்கிறதா.