யாரை எடுப்பது, யாரை விடுவது?



ஆடி மாதம் வந்துவிட்டால் வால்தம்ஸ்டோ ஹோ வீதியில் எமது கடை வாசல்களில் ஒரே வாக்குவாதம்தான். எந்தக் கழகம் யாரை வாங்கப் போகிறது, பயிற்சி முகாமில் எந்தப் பொடியன் நன்றாக ஓடுகிறான், யாரைக் கழிக்கப் போகிறார்கள் என்று இளையோர் மணிக்கணக்காகப் பேசுவார்கள். முன்பெல்லாம் ஆர்சனல், ரொட்டன்ஹாம் என்ற இரண்டு பெயர்களோடு இந்தச் சண்டை முடிந்துவிடும். இப்போது அமெரிக்க உதைபந்தாட்டமும் சேர்ந்துகொண்டது. லீ ஆற்றைத் தாண்டினால் ரொட்டன்ஹாம் கழகத்தின் புதிய அரங்கு. அங்கே 2019 ஒக்டோபரில் இருந்து அமெரிக்கக் கழகங்களும் வந்து ஆடுகின்றன. அதனால் 'டிராஃப்ட்' என்ற சொல்லும் எமது வீடுகளுக்குள் வந்துவிட்டது. எமது தலைமுறைக்கு டிராஃப்ட் என்றால் வங்கியில் எடுத்து ஊருக்கு அனுப்புவது. பிள்ளைகள் பேசுவது வேறொன்று.

நான் தொழிலால் கணக்காளன். விளையாட்டில் எனக்குக் கால் வராது, கணக்குத்தான் வரும். ஆனாலும் இந்த வாக்குவாதங்களைக் கேட்கக் கேட்க, இதற்குள் எம்மைப் போன்ற குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருப்பதாகத் தோன்றியது. ஆட்களைத் தெரிவு செய்யும் முறைகளின் வரலாறு அது.

கடைசியில் நிற்பவனுக்கு முதல் தெரிவு

முதலில் அந்த டிராஃப்டைப் பார்ப்போம். 1935 இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளராக இருந்தவர் பேர்ட் பெல். அவருடைய கழகம் தோற்றுக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகங்களில் இருந்து வெளியே வரும் நல்ல ஆட்டக்காரர்களைக் காசும் பெயரும் உள்ள கழகங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். தோற்றவன் மேலும் தோற்பான். பெல் மற்ற உரிமையாளர்களிடம் ஒரு யோசனை வைத்தார். சென்ற பருவத்தில் கடைசியாக வந்த கழகம் இந்த முறை முதலில் ஒருவரைத் தெரியட்டும், முதலாவதாக வந்த கழகம் கடைசியில் தெரியட்டும் என்றார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

1936 பெப்ரவரி 8 ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு ஹொட்டேலில் ஒன்பது கழகங்களும் கூடின. மொத்தம் 81 பெயர்கள் தெரியப்பட்டன. முதலாவது பெயர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜே பேர்வாங்கர். அவரோ சம்பளப் பேச்சு ஒத்துவராமல் ஒரு நாள்கூடத் தொழில்முறையாக ஆடவில்லை, வியாபாரத்துக்குப் போய்விட்டார். முதல் டிராஃப்டின் முதல் பெயரே இப்படி!

இன்று 32 கழகங்கள் ஏழு சுற்றுகளாகத் தெரிகின்றன. யூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒரு கழகத்தில் 90 பேர்வரை இருப்பார்கள். பருவம் தொடங்க முன் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். மிச்சப் பேரில் ஒரு சிலரைப் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எமது பொடியன்கள் 'முகாமில் யார் தப்புவார்' என்று பந்தயம் பிடிப்பது இதைத்தான்.

இந்தப் பட்டியல் எத்தனை தரம் பிழைத்திருக்கிறது என்பதற்கு ஒரு பெயர் போதும். 2000 ஆம் ஆண்டில் 198 பேர் தெரியப்பட்ட பிறகுதான் ரொம் பிரேடி என்ற இளைஞனின் பெயர் வாசிக்கப்பட்டது. அவர் ஏழு முறை சுப்பர் போல் கிண்ணத்தை வென்றார்.

பலவீனமானவனுக்கு முதலிடம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எமது சமூகம் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கண்ட சமூகம். சமப்படுத்துகிறோம் என்று யாராவது சொன்னால், இழப்பது யார் என்று திருப்பிக் கேட்கப் பழகியவர்கள் நாங்கள். டிராஃப்டில் இழப்பவர் ஆட்டக்காரர். எந்த ஊருக்குப் போவது, யாருக்கு ஆடுவது என்ற முடிவு அவர் கையில் இல்லை. பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் புகலிடம் கோரி வந்தவர்களுக்கு, எந்த நகரத்தில் வீடு தருகிறார்களோ அங்கேதான் போக வேண்டும் என்று சொன்னார்களே, அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது இலகுவில் விளங்கும்.

இங்கிலாந்தில் டிராஃப்ட் கிடையாது. அதற்காக ஆட்டக்காரர் சுதந்திரமாக இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து, ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் வேறிடம் போகலாம் என்ற விதி இருந்தது. வாரச் சம்பளத்துக்கும் ஓர் உச்ச வரம்பு இருந்தது. 1961 இல் ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் போராடி அந்த வரம்பை நீக்கியபோது அது வெறும் 20 பவுண். 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் நீதிமன்றம் போய் அந்தப் பிடியைத் தளர்த்தினார். 1995 இல் பெல்ஜிய ஆட்டக்காரர் பொஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்ற பிறகே, ஒப்பந்தம் முடிந்தவர் இலவசமாக வேறு கழகத்துக்குப் போகும் உரிமை உறுதியானது.

எமது தெருக்களில் இருந்த கழகம்

இந்த விதிகளுக்கு வெளியே இன்னொரு முறையும் இருந்தது. அதற்கு நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. வால்தம்ஸ்டோ அவெனியூ என்ற கழகம் 1900 இல் இங்கே தொடங்கியது. கிரீன் பொண்ட் வீதியில் அதற்கு மைதானம் இருந்தது. ஆடியவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம்.

1952 ஏப்ரலில் அமெச்சூர் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வெம்பிளியில் நடந்தது. ஒரு பக்கம் வால்தம்ஸ்டோ அவெனியூ, மறுபக்கம் பக்கத்து ஊரான லெய்ற்றன். இன்று 69 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் ஒரு ஊரில் இருந்து மற்றதுக்குப் போய்விடலாம். அந்த இரண்டு ஊர்க் கழகங்களின் ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்டார்கள். மேலதிக நேரத்தில் 2-1 என்று வால்தம்ஸ்டோ வென்றது. வென்ற அணியில் ஆடியவர்களில் ஒருவர் ட்ரெவர் பெய்லி. ஆம், இங்கிலாந்து டெஸ்ட் அணியின் சகலதுறை ஆட்டக்காரர் பெய்லிதான்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய காரியம் நடந்தது. 1953 ஜனவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தின் நான்காம் சுற்றில், அந்த நேரத்தில் லீக் சம்பியனாக இருந்த மன்செஸ்டர் யுனைற்றட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 1-1 என்று மறித்தார்கள். மறு ஆட்டம் ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில். அதில் 5-2 என்று தோற்றார்கள். வால்தம்ஸ்டோவின் முன்வரிசையில் நின்றவர் ஜிம் லூயிஸ். அவர் பின்னர் செல்சி கழகத்துக்கு ஆடினார். 1955 இல் செல்சி முதன்முதலாக லீக் பட்டம் வென்ற அணியில் அவரும் ஒருவர். அப்போதும் அவர் சம்பளம் பெறாத அமெச்சூர். ஆட்டம் முடிந்த பிறகு பழையபடி வால்தம்ஸ்டோவுக்கே திரும்பி வந்தார்.

இந்த முறையை மிகைப்படுத்திப் புகழ விரும்பவில்லை. அமெச்சூர் என்று பெயர் வைத்துக்கொண்டு சப்பாத்துக்குள் காசு வைத்துக் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பல இடங்களில் இருந்தது. அதனாலேயே 1974 இல் உதைபந்தாட்டச் சங்கம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. ஆனால் ஒரு கணக்காளனாக நான் கவனிப்பது இதை: அணியில் இருந்து விடப்பட்டவருக்குத் திங்கட்கிழமை காலையில் போக ஒரு வேலை இருந்தது. விளையாட்டில் அவர் தோற்றாலும் வாழ்க்கையில் தோற்கவில்லை.

எமது ஊர்களில் இருந்ததும் ஏறத்தாழ இதுதான். பாஷையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடுமீன், இளவாலை யங் ஹென்றீசியன் என்று பெயரைச் சொன்னாலே ஊர் தெரியும். அணி ஊருக்குள் இருந்தே வந்தது. பகலில் கடலுக்குப் போனவரும் பாடசாலைக்குப் போனவரும் மாலையில் ஒரே மைதானத்தில் நின்றார்கள். யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் இறுதி ஆட்டம் என்றால், யாரை வெளியே இருத்தியது சரி, யாரை இருத்தியது பிழை என்று ஊரே ஒரு கிழமை விவாதிக்கும்.

வால்தம்ஸ்டோ அவெனியூ 1988 இல் வேறு கழகத்தோடு இணைக்கப்பட்டது. மைதானம் விற்கப்பட்டு வீடுகள் எழும்பின. அந்த வழியில் வந்த கழகம் இன்று டாகனம் அன்ட் ரெட்பிரிட்ஜ் என்ற பெயரில் ஆடுகிறது. 83 கலவரத்தின் பின்னர் எமது ஆட்கள் இந்தப் பகுதிக்கு வந்து அறைகளில் நெருங்கி இருந்த ஆண்டுகளும் அவைதான். நாங்கள் வந்து இறங்க, ஊர்க் கழகம் எழும்பிப் போய்விட்டது.

எட்டு வயதில் ஒரு கடிதம்

ஊர்க் கழகத்தின் இடத்தைப் பெரிய கழகங்களின் பயிற்சிக்கூடங்கள் பிடித்தன. 2012 இல் வந்த புதிய திட்டம் இவற்றை இன்னும் பெரிதாக்கியது. ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இருந்தே பிள்ளைகளைப் பதிவு செய்கிறார்கள். பின்னர் வைத்திருப்பதா, விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

இதில் மிகப் பிரபலமான கதையும் எமது ஊர்க் கதைதான். 1993 இல் வால்தம்ஸ்டோவில் பிறந்த ஹரி கேனை ஆர்சனல் எட்டு வயதில் எடுத்து, ஒரு பருவத்தோடு விட்டுவிட்டது. 2004 இல் ரொட்டன்ஹாம் எடுத்தது. அங்கும் நேரே அணியில் இடம் கிடைக்கவில்லை. 2011 இல் லெய்ற்றன் ஓரியன்ட், பிறகு மில்வோல், நோரிச், லெஸ்ரர் என்று இரவலாக அனுப்பினார்கள். கடைசியில் ரொட்டன்ஹாமுக்கும் இங்கிலாந்துக்கும் அதிக கோல் அடித்தவர் அவரே.

என் தொழிலோடு சேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கழகம் இன்னொரு கழகத்திடம் ஆளை வாங்கினால், கொடுத்த தொகையைச் சொத்தாகப் பதிந்து, ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழித்துக்கொண்டு போவார்கள். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் பெறுமதி இல்லை. அவனை விற்றால் வருவது ஏறத்தாழ முழுதும் இலாபம். 2023 ஓகஸ்டில் கேன் பயேர்ன் மியூனிக்குக்குப் போனபோது விலை 10 கோடி யூரோ அளவில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. பல பிள்ளைகளைச் சேர்த்துப் பெரும்பாலானோரை விடுவதில் கழகத்துக்கு நட்டமில்லை என்பது இதில் இருந்து விளங்கும். ஒருவன் தேறினால் போதும்.

ஆனால் வீட்டுக் கணக்கு வேறு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பதின்மூன்று வயதுப் பொடியனுக்கு விடுவிப்புக் கடிதம் வந்தது. ஐந்து வருடம் கிழமைக்கு மூன்று மாலை, பிள்ளையைக் காரில் ஏற்றி இறக்கிய தகப்பன் அந்தக் கடிதத்தை இரண்டு கிழமை ஒளித்து வைத்திருந்தார். பிள்ளைக்குச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை.

பட்டியலில் இல்லாதவர்

பட்டியலுக்கு வெளியே இருந்து வந்த ஒருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. எஃபே ஒபாடா நைஜீரியாவில் பிறந்தவர். பத்து வயதில் நெதர்லாந்தில் இருந்து சகோதரியோடு லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இங்கே கைவிடப்பட்டார். வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தார். பெரியவனான பிறகு லண்டன் வொரியர்ஸ் என்ற உள்ளூர்க் கழகத்தில் அமெரிக்க உதைபந்தாட்டம் பழகினார். எந்த டிராஃப்டிலும் அவர் பெயர் வரவில்லை. 2015 இல் டலஸ் கவ்போய்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. பல முகாம்களில் கழிக்கப்பட்டார். 2018 இல் கரோலைனா பந்தர்ஸின் 53 பேருக்குள் வந்தார். 2019 ஒக்டோபரில், அதே ரொட்டன்ஹாம் அரங்கில், தன் கழகத்தோடு வந்து இறங்கினார்.

எமது பிள்ளைகளும் வருகிறார்கள். பீபாவில் இடமில்லாத சமூகங்களுக்கான போட்டிகளில் தமிழீழ அணி 2012 இல் குர்திஸ்தானிலும், 2014 இல் சுவீடனிலும், 2018 இல் இதே லண்டனிலும் ஆடியது. புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளைச் சேர்த்த அணி அது. லண்டனில் முதற்சுற்றில் எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. அதே பிரிவில், பதிவு முடிந்த பின் பராவா அணி ஓர் ஆட்டக்காரரைச் சேர்த்தது என்று சொல்லி, மான் தீவின் எலன் வானின் அணி போட்டியை விட்டே வெளியேறியது. நாடில்லாதவர்களின் போட்டியிலும் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதே சண்டை! 2024 ஓகஸ்டில், வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் என்ற தமிழ் இளைஞர் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் இறங்கினார். அன்று எத்தனை தமிழ் வீடுகளில் தொலைபேசி அடித்தது என்று உங்களுக்கே தெரியும்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். விளையாடப் போகிற பிள்ளையை மறிக்க வேண்டாம். ஆனால் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எடுக்கப்பட்ட பிள்ளைக்கு 'முடியாது' என்று சொல்லி வெளியேற என்ன உரிமை இருக்கிறது? விடப்பட்டால் அடுத்த திங்கட்கிழமை அவனுக்குப் போக இடம் எது? பாடசாலையும் படிப்பும் அந்தத் திங்கட்கிழமைக்குத்தான். பெண்பிள்ளைகளுக்கும் இதே கேள்விகள்தான். அவர்களுக்கும் இன்று பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன.

மூத்த நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் கழகங்களுக்கு ஆடியவர்கள், தெரிவுக்குழுவில் இருந்தவர்கள், பழைய படங்களும் வெட்டி ஒட்டிய பத்திரிகைத் துண்டுகளும் வைத்திருப்பவர்கள் நிலையத்தோடு தொடர்புகொள்ளுங்கள். உங்கள் குரலில் பதிவு செய்ய விரும்புகிறோம். அன்று உங்களை அணியில் எடுக்காமல் விட்டிருந்தால், அந்தக் கதையையும் கொண்டுவாருங்கள்.