மருந்தைச் சோதிக்கப் பிறந்த அளவுகோல்

படுக்கைப் புண் வந்தால் திட்டு விழுவது நர்ஸுக்குத்தான். நோயைவிடப் பராமரிப்பில் உள்ள குறைதான் பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலே 1859-இல் எழுதி வைத்துவிட்டார். பழி தீர்மானமாகிவிட்டது, பரிகாரம்தான் ஆளுக்கு ஆள் மாறியது. ஒரு சிஸ்டர் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பார், இன்னொருவர் சோப்பு, வேறொருவர் பவுடர். எதில் பலன் என்று கேட்டால் அனுபவம்தான் பதில்.

லண்டனில் முதியோர் வார்டு செவிலியரான டோரீன் நார்ட்டன், 1950-களின் கடைசியில் மக்லாரன் என்ற சக ஆய்வாளரோடும் டாக்டர் எக்ஸ்டன்-ஸ்மித்தோடும் சேர்ந்து இதை ஆராய இறங்கினார். ஒரு வார்டில் ஒரு களிம்பு, அடுத்த வார்டில் இன்னொன்று என்று கொடுத்துவிட்டு, புண்களை எண்ணினால் போதாதா? போதாது. முதல் வார்டில் இருப்பவர்கள் எழுந்து நடமாடுகிறவர்கள், அடுத்த வார்டில் அசையவே முடியாதவர்கள் என்றால், களிம்புக்குக் கிடைக்கும் பாராட்டு உண்மையில் அவர்களுடைய கால்களுக்குச் சேர வேண்டியது. ஆக, மருந்தை எடைபோடும் முன் நோயாளியை எடைபோட வேண்டும். இந்தத் தாமதத்தை ஏற்றுக்கொண்டதில்தான் நார்ட்டனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பேன்.

உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் தானாக அசையும் திறன், மலஜலக் கட்டுப்பாடு என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான்கிலிருந்து ஒன்று வரை மதிப்பெண். எல்லாம் நன்றாக இருந்தால் 20, எல்லாமே மோசமென்றால் 5. ரத்தப் பரிசோதனை இல்லை, கருவி இல்லை; காலையில் படுக்கை விரிப்பு மாற்றும்போதே கண்ணில் படுகிற சங்கதிகள்.

250 முதியவர்களைக் கவனித்தபோது, மதிப்பெண் குறையக் குறையப் புண் கூடியது. 14-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் ஆபத்து என்று கோடு போட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதில் இருந்த பலன், தடவித் தேய்க்கும் வழக்கத்தில் தெரியவில்லை. 1962-இல் அறிக்கை வெளிவந்தது. களிம்பு ஒப்பீட்டுக்காகச் செய்த அளவுகோல்தான் வார்டு வார்டாகப் பரவியது.

ஆனால் அதில் சாப்பாட்டுக்குத் தனித் தலைப்பு இல்லை. சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்டவருக்குப் புண் சீக்கிரம் வரும் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு செவிலிய ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட அளவுகோலில் ஊட்டம், ஈரம், உராய்வு மூன்றும் இடம்பிடித்தன. உராய்வுக்கு மட்டும் மூன்று படிகள்; அதனால் அந்த அளவுகோலில் முழு மதிப்பெண் 23.