பெருந்தொற்றுக் காலத்தில் கொல்கத்தா வானொலி: ஒலிபரப்பும் சொல்லாக்கமும்

முன்னுரை

அச்சுமொழி கண்ணுக்கு உரியது. வானொலி மொழி செவிக்கு உரியது. படிப்பவருக்கு ஐயம் எழுந்தால் முன்வரிக்குத் திரும்பலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒருமுறை ஒலித்த சொல் அம்முறையிலேயே பொருள் தந்தாக வேண்டும். இவ்வியல்பு எல்லாக் காலத்துக்கும் பொதுவானதாயினும், உயிர் காக்கும் அறிவிப்புகளே ஒலிபரப்பின் பெரும்பகுதியாக அமையும் காலத்தில் இதன் இன்றியமையாமை மிகுகிறது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கோவிட் பெருந்தொற்றின்போது கொல்கத்தா வானொலி நிலையங்கள் தம்மை எவ்வாறு மாற்றியமைத்துக்கொண்டன என்பதையும், அம்மாற்றம் வங்க மொழிக்கும் தமிழுக்கும் உணர்த்தும் சொல்லாக்க நெறிகள் யாவை என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரலாற்றுப் பின்னணி

இந்திய ஒலிபரப்புக் கழகத்தின் கொல்கத்தா நிலையம் 1927 ஆகஸ்டு 26 அன்று கார்ஸ்டின் பிளேசில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 23 அன்று தொடங்கிய பம்பாய் நிலையத்திற்கு அடுத்தது இதுவே. 1929 முதல் 'பேதார் ஜகத்' என்னும் நிகழ்ச்சி இதழ் வங்க மொழியில் வெளிவந்தது. 'பே' என்னும் பாரசீக முன்னொட்டும் கம்பியைக் குறிக்கும் 'தார்' என்னும் சொல்லும் சேர்ந்து 'கம்பியற்றது' எனப் பொருள்படும் 'பேதார்' என்ற சொல் மக்கள் வழக்கில் நிலைபெற்றது. 1938-இல் கொல்கத்தாச் சிற்றலை ஒலிபரப்பின் தொடக்கத்தையொட்டி இரவீந்திரநாத் தாகூர் எழுதிய கவிதையில் 'ஆகாசவாணி' என்னும் சொல் இடம்பெற்றது. 1958-இல் நிலையம் ஈடன் தோட்டத்தை அடுத்த இன்றைய கட்டடத்திற்கு மாறியது.

நெருக்கடிக்கேற்ப மொழிநடையை மாற்றிக்கொள்வது இந்நிலையத்திற்குப் புதிதன்று. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது பிரணவேஷ் சென் எழுத, தேவதுலால் பந்தோபாத்யாய் வாசித்த 'சங்பாத் பரிக்கிரமா' எல்லைக்கு இருபுறமும் கேட்கப்பட்டது. அறிக்கை நடையிலிருந்து விலகி, உணர்ச்சியும் பேச்சுத் தன்மையும் கலந்த வாசிப்பு அதன் சிறப்பாகும். தேவதுலால் 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சுதந்திர வங்க வானொலியும் அப்போது கொல்கத்தாவின் பாலிகஞ்சு பகுதியிலிருந்தே இயங்கியது. நெருக்கடிக் காலத்தில் மக்கள் வானொலியிடம் செய்தியை மட்டுமன்றி, நம்பத்தக்க ஒரு குரலையும் எதிர்பார்த்தனர் என்பது இதனால் புலனாகும்.

2. நிலையம் வீட்டிற்குப் பெயர்தல்

2020 மார்ச் 23 மாலை முதல் கொல்கத்தாவிலும், மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. ஒலிபரப்புச் சேவைக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. எனினும் போக்குவரத்து முடங்கியமையாலும், மூடிய அறையில் பலர் கூடுவது தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதாலும், ஒலிப்பதிவுக் கூடம் என்னும் அமைப்பே ஐயத்திற்குரியதாயிற்று. காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருப்பதே ஒலிப்பதிவுக் கூடத்தின் சிறப்பு. நோய்க்காலத்தில் அதுவே அதன் குறையாகவும் அமைந்தது.

பாடல்களையும் விளம்பரங்களையும் கணினி வரிசைப்படுத்தி ஒலிபரப்பும் முறை தனியார் பண்பலை நிலையங்களில் முன்பே இருந்தது. ஆகவே தொகுப்பாளர்கள் தம் பேச்சை மட்டும் வீட்டிலிருந்து பதிவுசெய்து அனுப்புவது இயல்வதாயிற்று. போர்வை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி ஆகியன எதிரொலியைத் தணிக்கும் கருவிகளாயின. நேயர்களின் குரல்களும் கைப்பேசிவழி ஒலித்துணுக்குகளாக வந்து சேர்ந்தன.

இத்தொழில்நுட்ப மாற்றம் மொழிநடையையும் மாற்றியது. முன்னர்ப் பிழையெனக் களையப்பட்ட வீட்டு ஓசைகள், பேசுபவரும் கேட்பவரும் ஒரே நிலையில் அடைபட்டிருப்பதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டன. கொல்கத்தாவின் தேநீர்க் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நிகழும் 'அட்டா' என்னும் கூடிப்பேசும் வழக்கம் தடைப்பட்ட நாள்களில், அந்நடை வானொலிப் பேச்சில் இடம்பெறுவது இயல்பே. வங்க மொழியில் எழுத்து வழக்காகிய 'சாது பாஷை' பின்னடைந்து, கொல்கத்தா வட்டாரப் பேச்சை அடியாகக் கொண்ட 'சலித் பாஷை' எழுத்திலும் பேச்சிலும் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டமையால், இந்நெகிழ்ச்சி செய்திநடைக்கும் உரையாடல்நடைக்கும் இடையே பெரும் பிளவை உண்டாக்கவில்லை. தமிழில் நிலை வேறு. செய்தி எழுத்து வழக்கிலும் பண்பலைப் பேச்சு பேச்சு வழக்கிலும் அமைவதால், ஒரே அறிவிப்பை இருவேறு வடிவங்களில் ஆக்க வேண்டிய கடமை தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு.

3. காப்பகத்தின் பங்கு

புதிய நிகழ்ச்சிகளைத் தயாரிக்க இயலாத நிலையில் பழைய பதிவுகள் கைகொடுத்தன. 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் 'இராமாயணம்' தொடரை மறுஒளிபரப்புச் செய்தது அனைவரும் அறிந்ததே. கொல்கத்தா வானொலியைப் பொறுத்தவரை, காப்பகத்தின் ஆற்றலை உணர்த்தும் சான்று 'மகிஷாசுரமர்த்தினி' ஆகும். பாணி குமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, வீரேந்திர கிருஷ்ண பத்ரா வடமொழித் தோத்திரங்களையும் வங்க உரைநடையையும் ஓதும் இந்நிகழ்ச்சி 1930-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. தொடக்கத்தில் நேரடியாக நிகழ்த்தப்பட்டுவந்த இது பின்னர் ஒலிப்பதிவாக நிலைபெற்றது. ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஒலிபரப்பாகிறது. 1976-இல் நடிகர் உத்தம் குமாரின் குரலில் வேறொரு நிகழ்ச்சி அதன் இடத்தில் ஒலிபரப்பப்பட்டபோது மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். பழைய பதிவே மீண்டும் வந்தது.

2020-இல் மகாளயம் செப்டம்பர் 17 அன்று வந்தது. இடையே மலமாதம் எனப்படும் மிகுதி மாதம் அமைந்தமையால் துர்க்கை பூசைக்கு மேலும் ஐந்து வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 19 அன்று கொல்கத்தா உயர்நீதிமன்றம் பூசைப் பந்தல்களைப் பார்வையாளர் நுழையாப் பகுதிகளாக அறிவித்தது. திருவிழாவின் கூறுகளுள் பந்தல், ஊர்வலம், கூட்டம் ஆகிய அனைத்தும் சுருங்கின. வீட்டிலிருந்தே கேட்கப்படுவதாகிய வானொலி நிகழ்ச்சி மட்டும் மாற்றம் ஏதும் வேண்டாமலே நிகழ்ந்தது. புதுமையால் மட்டுமன்றி, மாறாமையாலும் ஓர் ஊடகம் நெருக்கடியை எதிர்கொள்ள இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

4. சொல்லாக்கம்: செவியே அளவுகோல்

பெருந்தொற்றைப் பற்றிய கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தோன்றிச் சில நாள்களுக்குள் இந்திய மொழிகள் அனைத்திலும் தேவைப்பட்டன. 23 மொழிகளிலும் 179 கிளைமொழிகளிலும் ஒலிபரப்புவதாகக் குறிக்கப்படும் அகில இந்திய வானொலிக்கு இது பெருஞ்சுமையாகும். மேற்கு வங்கத்திலும் வங்க மொழியோடு இந்தி, உருது, நேபாளி, சந்தாலி பேசுவோர் உள்ளனர். குர்சியாங் நிலையம் நேபாளியில் ஒலிபரப்புகிறது. அக்காலத்தில் ஊடகங்களில் வழங்கிய சொற்களைச் செவி என்னும் அளவுகோலால் நோக்குவது பயனுடையது.

உலகளாவிய கொள்ளைநோயை வங்க மொழி 'அதிமாரி' என்றது. வட்டார அளவிலான நோய்க்கு 'மகாமாரி' என்பது முன்பே வழக்கில் இருந்ததால், 'அதி' என்னும் முன்னொட்டு வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்தியது. தமிழில் இச்சொல்லை அப்படியே கொள்ள இயலாது. தமிழ்ச் செவிக்கு 'மாரி' மழையையும் அம்மனையும் உணர்த்துமாதலால், 'அதிமாரி' பெருமழை எனவே கேட்கப்படும். தமிழ் 'பெருந்தொற்று' என்னும் சொல்லைத் தேர்ந்தது. பகுதிகள் இரண்டும் எளியன. கேட்டவுடன் பொருள் விளங்குவன.

நோய் சமூகத்தில் பரவும் நிலையை வங்க ஊடகங்கள் 'கோஷ்டி சங்கிரமண்' என்றன. வங்க மொழியில் 'கோஷ்டி' என்பது குழுவையும் இனத்தையும் குறிக்கும். தமிழில் அது உட்பகை கொண்ட அணியைக் குறிக்கும். 'சங்கிரமணம்' கதிரவன் ஓரையிலிருந்து ஓரைக்குப் பெயர்வதைக் குறிக்கும். வடமொழிச் சொற்கள் இந்திய மொழிகளுக்குப் பொதுவானவை. ஆதலின் மொழிபெயர்ப்பு எளிது என்னும் கருத்து எவ்வளவு பிழையானது என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் காட்டுகின்றன. வடிவம் பொது, கேட்கப்படும் பொருள் பொதுவன்று.

இதனினும் வலிய சிக்கல் ஒருவருக்கொருவர் விலகி நிற்பதைக் குறிக்கும் சொல்லில் எழுந்தது. வங்க மொழியில் 'சாமாஜிக் தூரத்வ', தமிழில் 'சமூக இடைவெளி' என்னும் நேர்பெயர்ப்புகள் பரவின. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'சமூகம்' சாதியையும் குறிக்கும். தீண்டாமையின் நினைவு நீங்காத நாட்டில், சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்குமாறு ஒரு குரல் நாள்தோறும் வேண்டுவது எத்தகைய பொருளைத் தரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 20 அன்றே, விலக வேண்டியது உடலளவில்தான், உறவளவில் அன்று எனத் தெளிவுபடுத்தி, அதற்கேற்ற சொல்லைப் பரிந்துரைத்தது. வங்கத்தில் 'சாரீரிக் தூரத்வ' என்பதும், தமிழில் 'தனிமனித இடைவெளி' என்பதும் அதன்பின் வழங்கலாயின. ஆயினும் முதலில் பரவிய சொல் முற்றிலும் மறையவில்லை. அவசரத்தில் ஆக்கிய சொல்லைத் திரும்பப் பெறுவது அரிது என்பது இதனால் பெறப்படும்.

ஊர்விட்டு ஊர் சென்று உழைப்போரைக் குறிக்க வங்க ஊடகங்கள் வழங்கிய 'பரியாயி' என்னும் அடை, அதுவரை பெரும்பாலும் வலசை செல்லும் பறவைகளுக்கு உரியதாக இருந்தது. வேலையிழந்து நெடுஞ்சாலைகளில் நடந்த மனிதர்களுக்குப் பறவையின் அடைமொழி பொருந்துமா என்னும் வினா எழுந்தது இயல்பே. தமிழில் 'புலம்பெயர் தொழிலாளர்' என்னும் தொடரும் சிக்கலற்றது அன்று. ஈழத்தமிழர் அயல்நாடுகளில் குடியேறியதைக் குறித்து நிலைபெற்ற சொல், உள்நாட்டில் வேலைதேடிச் சென்றோருக்கும் நீட்டிக்கப்பட்டது.

முழக்கங்களும் ஆராயத்தக்கன. இரண்டு கஜ இடைவெளி தேவை என்னும் இந்தி முழக்கம், இடைவெளியையும் தேவையையும் குறிக்கும் 'தூரீ', 'ஜரூரீ' என்னும் சொற்களின் இயைபால் நின்றது. பொருளை மட்டும் பெயர்த்தால் அவ்வியைபு அழியும். 'கெஜம்' என்பதும் தமிழில் துணிக்கடை அளவாகவே எஞ்சியுள்ளது. தமிழக அரசு, அதனைப் பெயர்க்காது, 'விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு' என வேறொன்றை ஆக்கியது. மூன்றும் ஏவல்கள், மூன்றிலும் மோனை, பெயர்ச்சொல் தொகை எதுவும் இல்லை. 'சமூக' என்னும் அடையின் சிக்கலும் இதில் எழவில்லை. செவிக்குரிய மொழியாக்கம் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதன்று, பயனுக்குப் பயன் ஆக்குவது என்பதற்கு இது தக்க சான்று.

5. புயலும் வானொலியும்

2020 மே 20 அன்று கரையைக் கடந்த புயல், பெருந்தொற்றோடு மற்றொரு பேரிடரைச் சேர்த்தது. கொல்கத்தாவில் மரங்கள் வீழ்ந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாள்கணக்கில் தடைப்பட்டன. வீட்டிலிருந்தே ஒலிபரப்பும் முறை முழுவதும் இவ்விரண்டையே சார்ந்திருந்தது என்பதை எண்ணுக. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியின் பயன் அந்நாள்களில் மீண்டும் உணரப்பட்டது. கடலோரப் பகுதிகளில் மேற்கு வங்க வானொலிக் கழகத்தைச் சேர்ந்த ஹாம் வானொலியர் தகவல் தொடர்புக்குத் துணைநின்றனர்.

புயலின் பெயரும் மொழியியலார் கருதத்தக்கது. தாய்லாந்து வழங்கிய அப்பெயரை அந்நாட்டார் 'உம்பன்' என்பதை ஒத்து ஒலிப்பர். ஆங்கில எழுத்துவழி வந்தமையால் வங்க இதழ்கள் 'ஆம்ஃபான்', 'ஆம்பான்', 'உம்புன்' எனப் பலவாறு எழுதின. தமிழிலும் 'அம்பன்', 'ஆம்பன்', 'உம்பன்' எனப் பல வடிவங்கள் தோன்றின. அச்சில் இவ்வேறுபாடு பொறுக்கத்தக்கது. எச்சரிக்கையைக் கேட்பவரோ ஒரு புயலா, பல புயல்களா என ஐயுறக்கூடும்.

6. வருவாயும் உரிமமும்

கேட்போர் தேவை மிகுந்த காலத்திலேயே வானொலித் தொழிலின் வருவாய் சரிந்தது. கடைகள் மூடப்பட்டதால் உள்ளூர் விளம்பரங்கள் நின்றன. ஃபிக்கி–இஒய் அறிக்கையின்படி, இந்திய வானொலித் துறையின் வருவாய் 2019-இல் ஏறத்தாழ 3,100 கோடி ரூபாயாக இருந்து, 2020-இல் ஏறத்தாழ 1,430 கோடி ரூபாயாகக் குறைந்தது. தனியார் வானொலியாளர் சங்கம் உரிமக் கட்டணத்தில் விலக்குக் கோரியது.

2011-ஆம் ஆண்டின் கொள்கைப்படி தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வழங்க இயலாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி எடுத்தாளலாம். உள்ளூர் நிருவாகம் தரும் மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், நலவாழ்வு பற்றிய அறிவிப்புகளையும் ஒலிபரப்பலாம். எனவே 'செய்தி', 'அறிவிப்பு' என்னும் இரு சொற்களின் எல்லையே நிலையம் எதைப் பேசலாம் என்பதை வரையறுத்தது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம், மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி வழங்க இசைவு தரலாம் எனப் பரிந்துரைத்தது. 2021-இல் மேற்கு வங்கம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தலுக்கு, நேரடிப் பரப்புரையைக் குறைக்கும் நோக்கில், அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கட்சிகளுக்கு ஒதுக்கும் நேரம் இரட்டிப்பாக்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, கொல்கத்தா வானொலி பெருந்தொற்றை எதிர்கொண்டது கருவிகளால் மட்டுமன்று. பல்லாண்டுகளாகச் சேமித்த குரல்களாலும், பேச்சோடு ஒன்றிய மொழிநடையாலும் ஆகும். இரண்டாவது, இந்திய மொழிகளுக்குப் பொதுவெனத் தோன்றும் சொற்கள், கேட்கும்போது வெவ்வேறு பொருள் தரக்கூடும். ஒரு மொழியின் ஆக்கத்தை மற்றொன்று ஆராயாமல் ஏற்றல் கூடாது. மூன்றாவது, அறிவுறுத்தலுக்குப் பெயர்த்தொகையினும் வினையே ஏற்றது.

கலைச்சொல் தொகுப்புகள் இன்றளவும் பெரும்பாலும் அச்சுக்கெனவே அமைகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் துறையும் தருவதோடு, அது கேட்டவுடன் விளங்குமா, வேறு பொருளாகக் கேட்கப்படுமா, யாரையேனும் புண்படுத்துமா என்னும் குறிப்பும் அவற்றில் இடம்பெறுதல் வேண்டும். நோய் பரவத் தொடங்கிய பின் அப்பணியை மேற்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒலிபரப்பாளரோடு கூடி அமைதிக் காலத்திலேயே செய்து வைக்க வேண்டிய பணி இது.