விளக்குத் தாத்தாவும் ஒரு மைலோ டின்னும்

 

போன வாரம் திருவிழாவுக்காகக் கோயில் ஸ்டோரைச் சுத்தம் பண்ணினோம். பழைய மைலோ டின் ஒண்ணு கெடச்சுது. பக்கமெல்லாம் ஆணியால குத்தின ஓட்டை, உள்ளே ஒரே கரி. புதுசா தொண்டுக்கு வந்த பசங்க குப்பைன்னு நெனச்சு பையில போட்டுட்டாங்க. எங்கள்ல பழைய ஆளுங்க ரெண்டு மூணு பேர் ஓடிப் போய் எடுத்தோம். "அண்ணே, டின்னுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?"னு ஒரு தம்பி கேட்டாரு. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்க எழுதறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வாசல்ல இருக்கிற கல்வெட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. 1998 கும்பாபிஷேகம், தலைவர், செயலாளர், உபயகாரர்கள் பேரெல்லாம் இருக்கு. அதைப் படிச்சா நம்ம கோயில் 1998லதான் பொறந்துச்சுன்னு தோணும். ஆனா இந்த அம்மன் தோட்டத்து அம்மன். கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்துல, லயத்துக்குப் பின்னாடி, தகரக் கூரைக்குக் கீழ ஒரு கல்லும் சூலமுமா இருந்தவ. அங்க தினமும் விளக்கு வெச்சவர் ஒரு பால்மரம் வெட்டுற தொழிலாளி. ஊரே அவரை விளக்குத் தாத்தான்னுதான் கூப்பிடும். சொந்தப் பேரு போட வேணாம்னு அவர் மகள் சொல்லிட்டாங்க, அதனால நாங்களும் அப்படியே எழுதறோம்.

அவர் 1937இல், அஞ்சு வயசுல, அம்மா அப்பாவோட நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அடுத்த வருஷமே, 1938இல், தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புறதை இந்திய அரசாங்கம் நிறுத்திடுச்சு. ஒரு வருஷம் தாமதமாகியிருந்தா அவர் குடும்பம் இங்க வந்தே இருக்காது. பினாங்குல இறங்கினது, தனிமைப்படுத்துற முகாம்ல ஆளுக்கு ஒரு தகரக் குவளை குடுத்தது, அதெல்லாம் அவருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு.

ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிச்சாங்க. சயாம்லேர்ந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். முதல்ல நல்ல சம்பளம்னு ஆசை காட்டினாங்க, அப்புறம் லோரியை நிறுத்தி கையில கெடச்ச ஆளை ஏத்துனாங்க. நம்ம தோட்டங்கள்லேர்ந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமா காலராவுலயும் பசியிலயும் செத்தாங்க. தாத்தாவோட அப்பாவையும் 1943இல் பெரட்டுக் களத்துல வெச்சே ஏத்திக்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி அவர் அம்மா கோயில்ல ஒரு அகல் ஏத்தினாங்க. அவர் திரும்பி வர்ற வரைக்கும் அணையக் கூடாதுன்னு நேர்ச்சை. அக்டோபர்ல ரயில் பாதை முடிஞ்சுது. 1945இல் சண்டையும் முடிஞ்சுது. அவர் வரலை. செத்ததா தாளும் வரலை. அந்த அம்மா கண்ணை மூடுற வரைக்கும் விளக்கு வெச்சாங்க, அப்புறம் மகன் வெச்சாரு.

பால்மரம் வெட்டுறதுன்னா என்னன்னு இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு. பேர் கொடுத்துட்டு, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குப் போகணும். ஒரு ஆளுக்கு நானூறு ஐநூறு மரம். பட்டையைச் சரிவா, மெல்லிசா சீவணும். கத்தி கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மண்டோர் திட்டு. வெயில் ஏறினா பால் சுரக்கிறது கொறஞ்சிடும், அதனாலதான் இருட்டுல வேலை. அப்புறம் திரும்ப அதே மரங்களுக்குப் போய் மங்குல உள்ள பாலை வாளியில ஊத்தி, காண்டாக் கம்புல தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நடக்கணும். மழை பேஞ்சா வேலை இல்லை, வேலை இல்லைன்னா சம்பளம் இல்லை. இந்த உடம்பு வலியோட சாயங்காலம் குழாயடியில குளிச்சுட்டு, வேலி ஓரத்துச் செம்பருத்தியைப் பறிச்சுக்கிட்டுக் கோயிலுக்கு வருவாரு. எண்ணெய் அவர் சொந்தக் காசு. தோட்டத்துத் திருவிழாவுக்குச் சம்பளத்துல பிடிச்சாங்க, ஆனா தினசரி எண்ணெய்க்கு யாரும் எதுவும் பிடிக்கலை.

சாமியார் மாதிரி ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. கள்ளுக்கடைக்கும் போவாரு. போன அன்னிக்கு மட்டும் கோயில் உள்ள வராம, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஏத்தச் சொல்லிட்டு வெளிய நிப்பாரு. செருப்போட ஓடின பிள்ளைங்க தலையில குட்டும் விழும். எங்கள்ல பல பேர் வாங்கியிருக்கோம்.

1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினப்ப லயத்துல காசு கட்டின முதல் ஆளுகள்ல இவரும் ஒருத்தர். தோட்டங்களைத் துண்டு துண்டா வித்துக்கிட்டிருந்த காலம் அது, நாமளே வாங்கிடலாம்னு நம்பிக்கை. 1969க்கு அப்புறம் வந்த கஷ்டம் வேற. குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் வேணும்னு சட்டம் வந்துச்சு. தாத்தா கையில சிவப்பு ஐசி. ஒரு ஆபீஸ்ல பழைய தாள் கேட்டாங்க, அஞ்சு வயசுல வந்தவர்கிட்ட என்ன தாள் இருக்கும்? அந்த லயத்துலேர்ந்து சில குடும்பங்க மூட்டை கட்டி இந்தியாவுக்கே போயிடுச்சு. இவரையும் கூப்பிட்டாங்க. "அப்பா வந்து தேடினா யாரு இருப்பா?"ன்னாராம். அப்ப அவருக்கு வயசு 37. அந்தச் சிவப்பு ஐசியோடவேதான் கடைசி வரைக்கும் இருந்தாரு.

1991இல் தோட்டம் கைமாறுச்சு. பால்மரமெல்லாம் சாஞ்சு, தாமான் வர்றதா சொன்னாங்க. வீடுங்க காலியாச்சு, கரண்டையும் வெட்டிட்டாங்க. கோயிலுக்கு வேற எடம்னு சொன்னாங்களே தவிர எடம் கையில வர ஏழெட்டு மாசம் ஆச்சு. அத்தனை நாளும் புது ஃப்ளாட்லேர்ந்து சைக்கிள்ல போய் ஒத்தை ஆளா விளக்கு வெச்சாரு. அம்மனை லோரியில ஏத்தின அன்னிக்குத்தான் இந்த மைலோ டின். காத்துல அணையாம இருக்க அகலை டின்னுக்குள்ள வெச்சு, மடியில பிடிச்சுக்கிட்டு லோரி பின்னாடி உக்காந்து வந்தாரு. துணி பத்திக்கும் தாத்தான்னோம். காதுல வாங்கலை. 1943இல் ஏத்தின அதே நெருப்பான்னு எங்களால அடிச்சுச் சொல்ல முடியாது, நடுவுல மழையும் காத்தும் எத்தனை தடவை அணைச்சிருக்குமோ. அவர் அப்படித்தான் நம்பினாரு.

இனி சொல்லப் போறதுதான் எங்களுக்குக் கஷ்டம். 1998இல் ஆகம முறைப்படி கும்பாபிஷேகம் நடந்துச்சு. தமிழ்நாட்டுலேர்ந்து குருக்கள் வந்தாரு. கல்லும் சூலமும் ஓரமாப் போய், கருங்கல் சிலை வந்துச்சு. அப்ப எங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு வயசு. எல்லாம் முறையா நடக்கணும்னு வேகம். அன்னிக்குச் சாயங்காலம் எண்ணெயும் செம்பருத்தியுமா கருவறைக்குப் படியேறினவரை நாங்கதான் நிறுத்தினோம். "தாத்தா, இனிமே உள்ள நீங்க போகக் கூடாது, குருக்கள் பாத்துக்குவாரு." குருக்கள் சொல்லச் சொல்லலை. நாங்களா சொன்னோம். "சரிப்பா"ன்னாரு. பூவை எங்க கையில குடுத்துட்டு, செருப்பு விடுற எடத்துக்குப் போய்த் தொடப்பத்தை எடுத்தாரு. 2009இல் சாகிற வரைக்கும் பதினொரு வருஷம் அங்கதான் கூட்டினாரு. கும்பாபிஷேக மலர்ல எண்பது பக்கம் போட்டோம், அவர் படம் ஒரு பக்கத்துலயும் இல்லை. அந்த மலர் வந்தப்ப அவரும் ஒண்ணு வாங்கிட்டுப் போனாருன்னு மகள் சொன்னாங்க. காசு குடுத்துத்தான்.

மைலோ டின்னை இப்ப துடைச்சு ஆபீஸ் அலமாரியில வெச்சிருக்கோம். பழைய கல்லும் சூலமும் மடப்பள்ளிக்குப் பின்னாடி இருக்கு. அதுக்குத் தனியா ஒரு சின்ன மேடை கட்டி, தினமும் விளக்கு வெக்கணும்னு நிர்வாகத்துல எழுதிக் குடுத்திருக்கோம். அடுத்த கூட்டத்துல பேசுறதா சொல்லியிருக்காங்க.

தாத்தாவோட படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லை. தோட்டத்துத் திருவிழாவுல எடுத்த பழைய படம் உங்க வீட்டுல இருந்தா தேடிப் பாருங்க. கூட்டத்துக்குப் பின்னாடி, வெள்ளை பனியன், தோள்ல சிவப்புத் துண்டு, அவர்தான். சாயங்கால பூஜை நேரத்துல ஆபீஸ்ல கொண்டு வந்து குடுங்க, பிரதி எடுத்துட்டு அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுவோம்.