பிளேக்கும் பின்னறிவும்: பெங்களூர், 1898

பெங்களூரின் பிளேக் வரலாறு பெரும்பாலும் நகரமைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு விரிந்தன, 1900இல் விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்டது என்ற வரிசையில். அனைத்தும் உண்மையே. ஆனால் அவ்வாண்டுகளில் நோயாளியை மறைத்தவர், விட்டு ஓடியவர், அருகிருந்து பார்த்தவர் ஆகியோரை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்ற கேள்வி இவ்வரிசையில் இடம்பெறுவதில்லை.

1898 ஆகஸ்டில் நோய் நகருக்குள் வந்தது. ஹூப்ளிப் பக்கத்திலிருந்து இரயில் வழியே வந்ததாகக் கருதப்படுகிறது. வீட்டுச் சோதனை, நோயாளியை முகாமுக்கு அகற்றுதல், உடைமைகளை எரித்தல் என்பவை அன்று இந்தியா முழுதும் கையாளப்பட்ட முறைகள். மக்கள் நோயை மறைத்தனர். அதிகாரிகளின் குறிப்புகள் இதை அறியாமை என்கின்றன. பிற்கால ஆய்வாளர் சிலரும் அதையே வழிமொழிகின்றனர். முகாம் என்பது அயலார் நடுவே இறப்பது என்று அறிந்திருந்த ஒருவர், தாயை உள்ளறையில் கிடத்திக் கதவடைத்தால், அதற்கு அறியாமை என்ற பெயர் பொருந்துமா?

இந்நகரில் அன்று பணியாற்றிய மருத்துவர்களுள் ஒருவர் பத்மநாபன் பல்பு. திருவனந்தபுரத்துக்காரர், சென்னையில் மருத்துவம் பயின்றவர். ஈழவர் என்பதால் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை மறுத்தது. மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. 1896இல் ஈழவர் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னருக்கு அளிக்க முன்னின்றவர் அவரே. இரண்டாண்டு கழித்து, பலர் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த பெங்களூரில் பிளேக் நோயாளிகளிடையே நின்றார். சொந்த மண்ணின் மருத்துவமனைகள் ஏற்க மறுத்த கைகள் அவை. 

அன்று எவருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பெங்களூரில் நோய் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1898 ஜூனில், கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று கண்டார். அதை நம்பியவர் மிகச் சிலர். நெறிகட்டும் வகைப் பிளேக் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. நுரையீரல் வகையே அவ்வாறு பரவும். ஆபத்து பெரும்பாலும் கூரையிலும் தானியக் குதிரிலும் இருந்தது.

வரலாற்று மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படும் ஒழுக்கம், பின்னால் வந்த அறிவைக் கொண்டு முன்னோரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது. 1898க்கு இதைத் தயங்காமல் பொருத்துகிறோம். 2021க்குப் பொருத்துவதில்லை. அவ்வாண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் இதே நகரின் மின்மயானங்களில் வரிசையில் நின்றவர்கள் இன்றும் சொல்கின்றனர்: ‘நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்’, ‘ஒரு நாள் முன்னால் கூட்டிப்போயிருக்கலாம்’. கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனமே அறிவித்திருந்தது. நாமோ காய்கறிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

மொழியியல் சார்ந்த ஒரு குறிப்பு. தன்மீதான பரிவைச் சொல்ல நம் வழக்கில் மதிப்பான சொல் இல்லை. ‘தன்னிரக்கம்’ என்றால் இகழ்ச்சியே தொனிக்கிறது. ஆனால் ‘பார்த்துக்கொள்’ என்ற வினையைக் காண்க. ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயன் செய்பவரையே சேர்வதைக் காட்டுவது. இருந்தும் ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்பது போலவே ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்றும் சொல்கிறோம்.

சிமோனின் முடிவு உறுதிப்பட 1905க்குப் பின் பம்பாயில் நடந்த ஆய்வுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள், தாயைத் தொட்டுத் தூக்கிய தம் கையையே நோயின் வழியென்று நம்பி வாழ்ந்து முடித்திருப்பர்.